யூத ரபிகளின் நூலடுக்கில் வழி தேடுதல்

நம்மவர்கள் யூதரைப் பற்றி எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு மயில் தோகையோடு நின்றுவிடுகின்றன. சாலமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களைச் சொல்லும் இடத்தில் எபிரேய விவிலியத்தில் 'துகி' என்றொரு சொல் வருகிறது. அது நம் 'தோகை' என்ற சொல்லே என்பது கால்டுவெல் காலம் தொட்டுப் பேசப்படும் கருத்து. எத்தனையோ மாநாட்டு மலர்களில் இது அச்சாகியாச்சு. அதைப் படித்து நாம் மகிழ்வதிலும் குற்றமில்லை. ஆனால் ஒரு வீட்டு வாசலில் நம் ஊர்ப் பாத்திரம் ஒன்று கிடப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று கேட்காமலே திரும்பி வருவது போன்றது இந்தப் பழக்கம்.

உள்ளே இருப்பது சிறிய வீடு அல்ல. விவிலியத்துக்குப் பிறகு, கி.பி. 200 வாக்கில் தொடங்கி இன்றுவரை, ரபிகள் எனப்படும் யூத ஆசிரியர்கள் வாதமும் உரையும் உரைக்கு உரையுமாக வளர்த்த பெருநூல் தொகுதி அது. அதில் நம் நாட்டு இஞ்சி இருக்கு, நம் நாட்டுத் துணி இருக்கு, நமக்குப் பக்கத்திலேயே கொச்சியில் எழுந்த ஒரு வழக்கும் இருக்கு. இவை கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் எபிரேய மொழி தெரியாமை மட்டுமல்ல. ஆங்கிலத்திலே மொழிபெயர்ப்புகள் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. எப்படித் தேடுவது என்று தெரியாமைதான் காரணம்.

இந்நூல்களைப் பொருள் தலைப்பால் தேடினால் அகப்படாது. மூலம் எது, தாள் எது, அடுக்கு எது என்ற மூன்று கேள்விகளால் தேடினால் அகப்படும். ஒரு சிறு சமூகம் நாடு நாடாக அலைந்தபோதும் தன் நூல்களை இழக்காமல் வைத்திருந்ததற்கு இந்த மூன்று கேள்விகளை விடாமல் காத்ததும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அதே அளவுகோலால் நம் உரைநூல்களின் நிலையையும் மதிப்பிட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நூலக எண் காட்டும் வழி

நம் நாட்டு நூலகங்களில் பரவலாக வழங்கும் டியூயி பகுப்பு முறையில் சமயத்துக்கு 200 முதல் 299 வரை எண்கள். அதில் விவிலியமும் கிறிஸ்தவமும் 220 முதல் 289 வரை எடுத்துக்கொள்ள, உலகத்தின் மற்ற சமயங்கள் எல்லாம் 290 என்ற ஒரே பத்துக்குள் நெருக்கி உட்கார வேண்டியது. சமணத்துக்கு 294.4, பார்சிகளின் சமயத்துக்கு 295, யூத சமயத்துக்கு 296. ஆக 294.4 தேடிப் போகும் என் போன்ற சமணன் ஒருவன் அரை எட்டு கூட எடுத்து வைக்க வேண்டாம், யூத நூல்கள் முன்னால் நிற்கும். இட நெருக்கடியிலும் ஒரு நன்மை.

296க்குள் போனால் மிஷ்னா 296.123, எருசலேம் தல்மூத் 296.124, பாபிலோனியத் தல்மூத் 296.125, மித்ராஷ் எனப்படும் விவிலிய விளக்கங்கள் 296.14, சட்டநூல்கள் 296.18 என்று பிரிந்திருக்கும். இந்த எண்கள் நம்மை அலமாரி வரை கொண்டுபோய் விடும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது. நூலகப் பகுப்பு, 'இந்தப் புத்தகம் எதைப் பற்றியது?' என்று கேட்கும். ரபிகளின் நூல்களோ 'எதைப் பற்றியும்' பேசும். பிரார்த்தனை பற்றிய படலத்தில் கனவுக்குப் பலன் வரும். விடுமுறை நாள் பற்றிய படலத்தில் மருத்துவம் வரும். பேச்சு வந்த வழியே போவதுதான் அவற்றின் இயல்பு. எனவே அலமாரிக்கு முன் நிற்பவனுக்கு வேறு திறவுகோல் வேண்டும்.

மூலம் எது?

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தோரா, அதாவது விவிலியத்தின் முதல் ஐந்து நூல்கள். அதன்மேல் வாய்மொழியாக வழங்கிய சட்ட மரபைக் கி.பி. 200 வாக்கில் யூதா என்னும் தலைவர் பாலஸ்தீனத்தில் தொகுத்தார். அதுவே மிஷ்னா. 6 பெரும்பிரிவுகள், 63 படலங்கள். விதைகள், திருநாள்கள், பெண்கள், சேதங்கள், புனிதப் பொருள்கள், தூய்மைகள் என்பன அந்த ஆறு. நம் சூத்திர நூல்களைப் போலச் சுருங்கிய நடை.

அந்த மிஷ்னாவை வைத்து ஆசிரியர்கள் நடத்திய விவாதத்துக்குக் கெமாரா என்று பெயர். மிஷ்னாவும் கெமாராவும் சேர்ந்தது தல்மூத். பாலஸ்தீனத்தில் நடந்த விவாதம் எருசலேம் தல்மூத். பாபிலோனில், இன்றைய ஈராக்கில், நடந்த பெரிய விவாதம் பாபிலோனியத் தல்மூத். சும்மா 'தல்மூத்' என்று சொன்னால் பின்னதையே குறிக்கும். அது 63 படலங்களில் 37க்கு மட்டுமே உண்டு.

மித்ராஷ் நூல்கள் வேறு வகை. அவை மிஷ்னாவின் வரிசையில் போகாமல் விவிலியத்தின் வரிசையில் போகும். ஆகவே மித்ராஷில் ஒன்றைத் தேடுபவன் முதலில் விவிலிய வசனத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தல்மூதில் தேடுபவன் படலத்தின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் அலமாரியில் கை வைத்தால் நாள் முழுக்கப் புரட்டினாலும் ஒன்றும் கிடைக்காது.

தாள் எது?

மேற்கோளின் உருவத்தைப் பார்த்தே அது எந்த நூல் என்று சொல்லிவிடலாம் என்பது இம்மரபின் தனி அழகு. படலத்தின் பெயருக்குப் பின் 'இயல் 3, பகுதி 7' என்று இரண்டு எண் வந்தால் அது மிஷ்னா. ஓர் எண்ணும் 'முன்பக்கம்' அல்லது 'பின்பக்கம்' என்ற குறியும் வந்தால் அது பாபிலோனியத் தல்மூத். ஏனென்றால் அங்கே எண்ணப்படுவது பக்கம் அல்ல, தாள். நம் ஓலைச்சுவடியிலும் ஏட்டுக்குத்தானே எண், பக்கத்துக்குக் கிடையாது. அதே வழக்கம்.

இந்தத் தாள் எண் எப்போது நிலைபெற்றது? 1520 முதல் 1523 வரை வெனிஸ் நகரில் தானியேல் போம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகத்தார் முழுத் தல்மூதையும் அச்சிட்டார். அன்று அவர் பதிப்பில் எந்த வரி எந்தத் தாளில் விழுந்ததோ, அதே தாளில்தான் 500 ஆண்டுகளுக்குப் பின்னும் விழுகிறது. ஏறக்குறைய எல்லாப் படலங்களும் 2ஆம் தாளில் தொடங்கும். 1ஆம் தாள் தலைப்புக்குப் போய்விட்டது. 1880களில் வில்னா நகரத்து ரோம் குடும்பத்தார் அச்சகம் வெளியிட்ட பெரும்பதிப்பு இன்றைய அச்சுகளுக்கு முன்மாதிரி. அதிலும் தாள் மாறவில்லை. மொத்தம் 2,711 தாள்கள். 1923இல் போலந்து நாட்டு ரபி மேயிர் ஷாப்பிரோ ஒரு யோசனை சொன்னார்: உலகத்து யூதர் எல்லாரும் நாளுக்கு ஒரு தாளாக ஒரே தாளைப் படிப்பது. ஒரு சுற்று முடிய ஏழரை ஆண்டு ஆகும். 14ஆவது சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது. தாள் எண் ஒன்றாக இல்லாவிட்டால் இது நடக்கிற காரியமா?

1553இல் ரோம் நகரத்துச் சந்தையில் தல்மூத் பிரதிகளைக் குவித்து எரித்தார்கள். எரிந்தவை போக வேறிடத்தில் எஞ்சியவற்றைப் பிடித்துக்கொண்டு படிப்பு தொடர்ந்தது. ஊர் போகலாம், பிரதி போகலாம், முகவரி போகக்கூடாது.

அடுக்கு எது?

தல்மூதின் ஒரு பக்கத்தைத் திறந்தால் நடுவில் மூலம். தைத்த ஓரத்தை ஒட்டி ராஷியின் உரை. பிரான்சு நாட்டுத் திருவா நகரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர் ராஷி. பதவுரை போல அடியொற்றிப் போகிறவர். வெளி ஓரத்தில் தோஸாஃபோத் என்ற குறிப்புகள். ராஷியின் பேரர்களும் அவர்கள் மாணவர்களும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எழுதியவை. ராஷி சொன்னதை மறுத்து, 'அங்கே அப்படி இருக்கிறதே, இங்கே இப்படி எப்படி?' என்று கேட்கும் குரல் அவர்களுடையது. தாத்தாவின் உரைக்கு எதிரிலேயே பேரனின் மறுப்பு. நடுவிலே இருவருக்கும் பொதுவான மூலம்.

இந்த மூன்று கேள்விகளும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு நம் ஊர்ச் சரக்கையே உதாரணமாகக் காட்டுகிறேன். 'இந்தியர் நாட்டிலிருந்து வருகிற ஹிமல்தா' என்று ஒரு பண்டம் தல்மூதில் பேசப்படுகிறது. இஞ்சியைத் தேனிலோ பாகிலோ ஊறவைத்தது என்று பொருள் கொள்வார்கள். அதை யூதர் உண்ணலாமா? உண்ணலாம் என்பது முடிவு. இது எங்கே இருக்கும்? உணவு பற்றிய படலத்தில் என்று நினைப்போம். இல்லை. 'வாழ்த்துகள்' என்னும் படலத்தில் 36ஆம் தாளின் பின்பக்கம் இருக்கு. உண்ணுமுன் எந்த வாழ்த்தைச் சொல்வது என்ற கேள்வியில் அது நுழைகிறது. அந்த 'வாழ்த்துகள்' படலமோ 'விதைகள்' என்ற பெரும்பிரிவில் இருக்கிறது! இன்னோர் இடம், பாவ நிவாரண நோன்பு நாளைப் பற்றிய 'யோமா' படலம், 81ஆம் தாளின் பின்பக்கம். நோன்பு நாளில் காய்ந்த மிளகை மெல்லுவதும் காய்ந்த இஞ்சியை மெல்லுவதும் உண்டதாகக் கணக்காகுமா என்ற விவாதத்தில் அதே பண்டம் வருகிறது. பர்யூஷண நோன்பு நாளில் எது வாய்க்குள் போகலாம், எது கூடாது என்று வாதிட்டுப் பழகின சமண வீட்டாருக்கு இந்தப் பக்கம் அந்நியமாகவே தோன்றாது.

முதல் இடத்தைப் படிப்பவனுக்கு இரண்டாவது இடம் எப்படித் தெரியும்? பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த யோசுவா போவாஸ் என்பவர் இதற்காகவே உழைத்தார். இதே பேச்சு தல்மூதில் வேறெங்கே வருகிறது, இதில் வரும் விவிலிய வசனம் எங்குள்ளது, இதிலிருந்து பிறந்த சட்டம் பிற்காலச் சட்டநூல்களில் எங்கே பதிவாகியிருக்கிறது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரக்குறிப்பு ஏற்படுத்தினார். புதிதாக அவர் ஒரு கருத்தும் சொல்லவில்லை. இருப்பதற்கு வழி போட்டார். ரபிகளின் நூலடுக்கில் வழி தேடுபவன் முதலில் கும்பிட வேண்டியது இவரைத்தான்.

இன்னோர் உதாரணம் துணி. யோமா படலம், இயல் 3, பகுதி 7: நோன்பு நாளில் தலைமைக் குரு காலையில் எகிப்தியப் பெலூசியத்துத் துணியும் மாலையில் 'ஹிந்துவின்', அதாவது இந்தியத் துணியும் அணிவார். காலைத் துணி 12 மானே, மாலைத் துணி 800 சூஸ் என்று ரபி மேயிர் சொல்ல, காலைக்கு 18 மானே, மாலைக்கு 12 மானே, ஆக மொத்தம் 30 என்று மற்ற ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நூறு சூஸ் ஒரு மானே. கோயில் இடிந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு, இனி யாரும் வாங்கப் போகாத துணிக்கு விலை விவாதம்! ஆனாலும் இரண்டு கணக்கையும் பதிந்து வைத்தார்கள். தோற்ற கட்சியின் கருத்தை ஏன் எழுதி வைக்க வேண்டும் என்ற கேள்வியை மிஷ்னாவே 'சாட்சியங்கள்' என்ற படலத்தின் முதல் இயலில் கேட்டு, பிற்காலத்து நீதிமன்றம் ஒன்று அதைச் சார்ந்து நிற்க வேண்டி வரலாம் என்று விடையும் தருகிறது. உரைமரபின் உயிர்நாடி இது எனலாம்.

சிட்டையும் பேரேடும்

வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு உவமை எளிதில் விளங்கும். தல்மூத் என்பது சிட்டை. நடந்தது நடந்தபடி, வந்தவர் போனவர் பேச்செல்லாம் அதில் இருக்கும். ஒரு ஆளின் கணக்கு என்ன என்று சட்டென்று பார்க்க அது உதவாது. அதற்குப் பேரேடு வேண்டும்.

மைமோனிடீஸ் என்ற மேதை அந்தப் பேரேட்டை எழுதினார். கெய்ரோவில் 1170களின் இறுதியில் முடிந்த 'மிஷ்னே தோரா', 14 நூல்கள். கடல்போன்ற தல்மூதைப் பொருள்வாரியாகப் பிரித்து, தெளிந்த எபிரேயத்தில், தீர்ப்பை மட்டும் எழுதினார். படிப்புக்கே வாழ்ந்த அவரைத் தாங்கியவர் இரத்தின வியாபாரியான தம்பி தாவீது. அந்தத் தம்பி இந்தியாவுக்கு வரும் வழியில் நம் கடலில் மூழ்கி இறந்தார். அறிவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கடைக் கல்லா இருக்கிறது என்பதை நாம் மறக்க வேண்டாம்.

ஆனால் மைமோனிடீஸ் ஒன்று செய்யவில்லை. எந்தத் தீர்ப்பு எந்த இடத்திலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. சிட்டைப் பக்க எண் போடாத பேரேட்டை எந்த ஆடிட்டர் ஒப்புவார்? தெற்கு பிரான்சில் இருந்த ஆபிரகாம் பென் தாவீது அந்தக் காலத்திலேயே அதைக் கண்டித்துக் கடுமையான மறுப்புக் குறிப்புகள் எழுதினார். யூதர்கள் செய்ததைப் பாருங்கள்: இன்று மிஷ்னே தோராவை அச்சிடும்போது அந்த மறுப்பையும் அதே பக்கத்திலேயே அச்சிடுகிறார்கள். நானூறு ஆண்டு கழித்து யோசேப்பு காரோ விடுபட்ட ஆதாரங்களைத் தேடி ஓர் உரை எழுதினார். அவரே 'ஷுல்ஹான் ஆருக்', அதாவது 'விரித்து வைத்த மேசை' என்ற சட்டநூலையும் எழுதினார்; 1565இல் வெனிஸில் அச்சானது. அது ஸ்பெயின் வழியினரின் வழக்கம் என்று கண்ட போலந்து நாட்டு மோசே இஸ்ஸெர்லிஸ், தம் நாட்டு வழக்கத்தைக் குறிப்பாக இடையிடையே சேர்த்து அதற்கு 'மேசை விரிப்பு' என்று பெயர் வைத்தார். மேசையைத் தள்ளிவிட்டு வேறு மேசை போடவில்லை; விரிப்புதான் போட்டார்.

பேரேடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சிட்டையை எரிக்கக் கூடாது என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். நம்மில் பலர் ஒரு நூலுக்குத் தெளிவுரை வந்ததும் பழைய உரையைக் கைவிட்டுவிடுகிறோம்.

கொச்சியிலிருந்து போன கேள்வி

இனிச் சொல்லப்போவது நூலகத்தின் எல்லையைக் காட்டும் செய்தி.

ரபிகளின் நூல்களில் வினா-விடை என்று ஒரு பெரும் வகை உண்டு. எங்கோ ஓர் ஊரில் சிக்கல் வரும். கற்றவர் ஒருவருக்கு எழுதிக் கேட்பார்கள். அவர் ஆதாரங்களோடு விடை எழுதுவார். இவ்விடைகள் தொகுக்கப்படும்போது விடை சொன்னவர் பெயரில் தொகுக்கப்படும். கேட்டவர் ஊர் உள்ளே புதைந்துவிடும். ஆகவே நூற்பட்டியலில் 'கொச்சி' என்று தேடினால் மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தைப் பற்றிய பயண நூல்களும், யோசேப்பு ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேட்டைப் பற்றிய வரலாற்று நூல்களும் வரும். கொச்சி யூதர்களின் மிகக் கசப்பான வழக்கு அங்கே வராது. அது கெய்ரோவில் இருந்த தாவீது இப்ன் சிம்ரா என்ற ரபியின் பெயருக்குக் கீழே கிடக்கும்.

வழக்கு இதுதான். 16ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதரில் ஒரு சாரார் தங்களைக் குலவழி தூயவர் என்றும், மற்றவரை விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் என்றும் சொல்லி, அவர்களோடு பெண் கொடுக்கல் வாங்கல் கூடாதென ஒதுக்கினர். 'இவர்களோடு நாங்கள் கலக்கலாமா?' என்று கேள்வி எகிப்துக்குப் போனது. முறைப்படி நீராட்டுச் சடங்கு நடந்துவிட்டால் அவர்கள் முழு யூதர்களே, திருமண உறவு கொள்ளலாம் என்பது விடையின் சாரம். பின்னர் அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் யாக்கோபு காஸ்த்ரோவும் அவ்வாறே விடை தந்தார்.

இரண்டு தீர்ப்பு. இரண்டும் ஒதுக்கப்பட்டவர் பக்கம். நடந்தது என்ன? 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் 'விடுவிக்கப்பட்டோர்' வழியினர் 20ஆம் நூற்றாண்டிலும் மற்றவரோடு சமமாக உட்கார முடியவில்லை. தோரா வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. அந்தப் பிரிவில் பிறந்து வழக்கறிஞரான ஏ.பி. சாலேம் (1882–1967), காந்தியடிகளின் சத்தியாகிரக முறையை ஜெப ஆலயத்துக்குள்ளேயே கையாண்டு போராடினார். அதன் பிறகுதான் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று அவரைச் சொல்வார்கள். தடைகள் விலகிச் சில ஆண்டுகளில், 1950களில், கொச்சி யூதரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

ஏறக்குறைய நானூறு ஆண்டு ஒரு நீதி நூலுக்குள் இருந்தது. தரையில் உட்கார்ந்தவன் தரையிலேயே இருந்தான். இம்மரபை நான் எவ்வளவு வியந்தாலும் இந்தக் குறையைச் சொல்லாமல் விடுவது விமரிசனம் ஆகாது. எதிர்க்கட்சியின் குரலைக் காப்பாற்றும் மரபு, எதிரே இருக்கும் மனிதனைக் காப்பாற்ற மறந்த இடம் இது. வேங்கைவயலும் வைக்கமும் கண்ட நம் நாட்டுக்கு இது புரியாத கதையல்ல. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த விடை அழியாமல் இருந்ததால்தான், 'மதமே அப்படிச் சொல்கிறது' என்று ஒதுக்கியவர்கள் சொன்னது பொய் என்று இன்று நாம் சொல்ல முடிகிறது. நூல் நியாயத்தைக் கொண்டுவந்து தராது. நியாயத்துக்குச் சாட்சியாக நிற்கும். அந்தச் சாட்சியைக் கூப்பிட முகவரி வேண்டும்.

நம் அலமாரியில் என்ன குறை?

இனி நம் பக்கம் வருவோம். உரைமரபில் தமிழர் யூதருக்கு இளைத்தவர் அல்லர். ஒரு குறளுக்கு மணக்குடவர் ஒன்று சொல்ல, பரிமேலழகர் அதை மறுக்க, அதை மறுக்க வேறொருவர் எழுவார். சமணரின் நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரை, பல சமயங்களின் வாதங்களையும் எடுத்துப் பேசும் தருக்கக் களஞ்சியம். அதை 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார்.

பாட்டுக்கு நமக்கு எண் இருக்கு. குறள் எண்ணைச் சொன்னால் எந்தப் பதிப்பிலும் எடுத்துவிடலாம். சீவக சிந்தாமணிக்கு 3,145 பாட்டு என எண் உண்டு. உரைக்கு எண் எங்கே? பக்கக்கணக்கில் நீளும் ஓர் உரையில் ஒரு வரியைக் காட்ட வேண்டுமானால், 'இன்னார் பதிப்பு, இத்தனையாம் பக்கம்' என்றுதான் சொல்கிறோம். அடுத்த பதிப்பில் பக்கம் மாறும், மேற்கோள் அநாதையாகிவிடும். இதே கருத்து வேறெந்த உரையில் வருகிறது என்று ஓரத்தில் காட்டும் போவாஸ் ஒருவர் நமக்கு வாய்க்கவில்லை. உரையாசிரியர்கள் மறுத்த 'ஒரு சாரார்' யார் என்பதும் பல இடங்களில் புலப்படாமலே போயிற்று.

நூலகத்தில் இந்தக் குறையைத் தீர்க்க வழி கண்டவரும் தமிழரே. 1892இல் சீர்காழியில் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். இரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் செவ்விய நூல்களுக்கென்று தனி உத்தி ஒன்று உண்டு. மூலநூல், அதன் உரை, உரைக்கு உரை மூன்றும் அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும்படி எண் கொடுக்கும் ஏற்பாடு அது. பாணினி, பதஞ்சலி என்று நம் நாட்டு உரைமரபைக் கண்ணெதிரே கண்டவருக்குத்தான் இது தோன்றும். தல்மூத் பக்கத்தில் அச்சகத்தார் செய்ததை அவர் அலமாரியில் செய்யப் பார்த்தார். நம் நூலகங்களில் பல அவர் வழியே போகவில்லை என்பது நம் குறை.

ஆனால் எண்ணும் ஓரக்குறிப்பும் மட்டும் போதுமா? உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது மூலம் கையில் இருந்தது, நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. இருந்தும் சமணக் கோட்பாடு வரும் இடங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத்தான் தெளிந்தார். 1887இல் பதிப்பு வந்தது. நூலின் வழி, நூலை வாழ்ந்தவர்களிடத்தில் இருந்தது. யூதரும் தனியே படிப்பதை விரும்புவதில்லை. இருவர் எதிரெதிர் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்து வாதிடுவதே அவர்களது முறை. அதற்கு ஹவ்ருதா, அதாவது தோழமை, என்று பெயர். சிறு சமூகங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கொச்சியில் கட்டடம் நிற்கிறது, படிக்கிறவர்கள் போய்விட்டார்கள். தமிழ்ச் சமணர் நிலையும், பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த தமிழர் நிலையும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. வடகரப்பதி போன்ற எல்லை ஊர்களில் மலையாள வழிப் பள்ளிக்குப் போகும் பேரனுக்குத் தாத்தாவின் தமிழ்ப் புத்தகம் அலமாரியில் இருக்கும். அதை எங்கே திறப்பது என்று சொல்ல ஆள் இருக்காது.

செய்யத்தக்கவை

தல்மூதுக்காக நாம் பெருநகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு ஓட வேண்டிய காலம் போயிற்று. 'செஃபாரியா' என்ற இணைய நூலகத்தில் மூலமும், ஸ்டெய்ன்சால்ட்ஸ் என்ற ரபியின் விளக்கத்தைத் தழுவிய ஆங்கில மொழிபெயர்ப்பும் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியிலேயே படிக்கலாம். ஒரு வரியைத் தொட்டால் ராஷி என்ன சொன்னார், மைமோனிடீஸ் எங்கே எடுத்தாண்டார் என்பதெல்லாம் பக்கத்தில் திறக்கும். போவாஸின் ஓரக்குறிப்பே மின்வடிவம் கொண்டது போல. ஆனால் தேடற்பெட்டியில் 'இஞ்சி' என்று போட்டு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால், அது பழைய மயில் தோகைக் கதைதான். எந்தப் படலம், யாருடைய பேச்சு, அதை மறுத்தவர் யார் என்ற மூன்றையும் பார்த்தால்தான் படித்ததாகும்.

தொடங்க விரும்பும் அன்பர்களுக்கு என் சிபாரிசு, மிஷ்னாவில் 'சேதங்கள்' பெரும்பிரிவில் உள்ள 'தந்தையர்' படலம். அதற்குக் கெமாரா கிடையாது. நாலடியாரும் பழமொழி நானூறும் படித்த தமிழனுக்கு உடனே பிடிபடும் அறமொழிகள். இரண்டு பேராக உட்கார்ந்து படிப்பது நல்லது. அதன்பின் யோமா படலத்தின் துணிக் கணக்குக்குப் போகலாம். வியாபாரிகள் அங்கே நிச்சயம் நின்று நிதானித்துப் போவார்கள்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பெரிய திட்டம் வேண்டாம். நீலகேசி உரையில் ஒரே ஒரு வாதச் சருக்கத்தை எடுத்துக்கொண்டு, பாட்டு எண்ணுக்குக் கீழே உரைப் பத்திகளுக்கும் 1, 2, 3 என எண் கொடுத்து, அதே வாதம் மணிமேகலையிலோ சிவஞான சித்தியார் பரபக்கத்திலோ வருமிடத்தை ஓரத்தில் குறித்து, ஒரு சிறு நூலாக அச்சிடலாம். எதிர்க்கட்சியின் விடையையும் அதே பக்கத்தில் போட வேண்டும்; பௌத்தருக்கும் சைவருக்கும் அங்கே இடம் உண்டு. எந்தப் பதிப்பில் எடுத்தாலும் அந்த எண் மாறக்கூடாது. ஒரு சருக்கம் முடிந்தால் அடுத்ததை வேறு ஊர்ச் சங்கம் எடுத்துக்கொள்ளட்டும்.